கம்பியில் தொங்கும் பத்தாம் இலக்கம்

ஏழாம் வாய்க்கால்,
விசுவமடு.
12.01.2025

அண்ணா,

எங்கள் கழகத்தைக் கொன்றது நீங்கள்தான்.

சுகம் கேட்டுத் தொடங்குவதுதான் முறை, தெரியும். அதைக் கடைசியில் கேட்கிறேன். அதற்குள் கோபம் ஆறிவிடக் கூடாது. போனில் சொன்னால் "பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுகிறீர்கள். வட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அம்மா உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்களை இன்னும் வைத்திருப்பதாக ஒருமுறை சொன்னீர்கள். தபாலில் வருவதை எறியமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் முத்திரை ஒட்டுகிறேன்.

போன வருடம் லீக்கில் ஒரு ஆட்டத்துக்கு ஆறு பேர்தான் இறங்கினோம். ஏழு பேர் இல்லாவிட்டால் மத்தியஸ்தர் விசில் ஊதமாட்டார். எதிரணிக்குச் சும்மா வெற்றி. இந்த வருடமும் அப்படி நடந்தால் எங்கள் பெயரை லீக்கிலிருந்து வெட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டுத் தலையாட்டி வந்தவள் நான். செயலாளர் பதவியை எனக்கு யாரும் தரவில்லை. இருந்தவர் கனடா போனார், கூட்டக் குறிப்பு எழுத ஆளில்லை, அது என் மடியில் விழுந்தது. தலைவர் நீங்கள். ஒன்பது வருடமாகப் பாரிசில் இருந்தபடி, ஏழாம் வாய்க்கால் இளந்தாரகை விளையாட்டுக் கழகத்தின் தலைவர்.

இப்போது எங்களிடம் எட்டு ஆட்டக்காரர்கள். மற்றவர்கள் கழகக் கட்டடத்துக் கம்பியில் தொங்குகிறார்கள்.

மீள்குடியேறி வந்த வருடம் அந்தக் கம்பியைக் கட்டியது நீங்கள்தான். போரில் செத்துப்போன இரண்டு ஆட்டக்காரரின் ஜேர்சிகளை, நான்கையும் ஏழையும், தோய்த்துத் தொங்கவிட்டீர்கள். அந்த இலக்கங்களை இனி யாரும் போடுவதில்லை என்று தீர்மானம். நியாயம். பிறகு நீங்கள் போனீர்கள். உங்கள் பத்தும் கம்பியில் ஏறியது. "ஜனா திரும்பி வருவான், இலக்கம் அவனுக்கே" என்றார்கள். பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். லீக்கில் முப்பது இலக்கங்கள்தான் போடலாம். இருபத்திரண்டு கம்பியில். செத்தவனுக்குக் கொடுத்த மரியாதையை விமானம் ஏறினவனுக்கும் கொடுத்த ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அதே பெயரில், அதே பச்சை ஜேர்சியில் பாரிசிலும் ஒரு அணி வைத்திருக்கிறீர்கள். அங்கே மாற்று ஆட்டக்காரர் இருக்கிற வாங்கில் குந்த இடமில்லையாம்.

மேட்டுக்குடியிருப்பில் பெடியன்கள் இருக்கிறார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் ஏறாத மேட்டில், மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். வாய்க்காலின் கீழ் வயல் உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கத்தவராகலாம் என்ற எங்கள் விதியை எடுத்துவிட்டு அவர்களைச் சேர்க்க வேண்டும். கம்பியில் உள்ள இலக்கங்களை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். தலைவர் என்ற முறையில் அனுமதி தாருங்கோ.

இனிச் சுகம். அப்பா பின்னேரங்களில் இருமுகிறார். மருந்து எடுக்கிறார், மருந்தைத் திட்டுகிறார். உங்கள் முழங்கால் எப்படி?

கோபம் ஆறாத தங்கச்சி,
வினோஜா


பாரிஸ்
10.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் அப்பாவும் சுகமாக இருக்க எங்கள் வாய்க்காலடிப் பிள்ளையார் துணை. இங்கே குளிர் எலும்பில் நிற்கிறது. உன் கடிதத்தை மெட்ரோவில் வாசித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி எழும்பித் தள்ளி இருந்துவிட்டாள். உனக்கு ஆறு வயதில் இருந்த அதே வாய்.

நான் கழகத்தைக் கொன்றேன் என்கிறாய். நான் யாரையும் கூப்பிடவில்லை. வந்தவனுக்குப் பாய் போட்டேன், அவ்வளவுதான். ஊர்ப் பெடியன் குளிருக்குள் நிற்கும்போது கதவைச் சாத்தச் சொல்கிறாயா? இந்த நாட்டில் பிள்ளை பெறுகிறவர்கள் குறைவு. வீடு முழுக்கக் கிழடுகள். அவர்களைக் குளிப்பாட்ட, தள்ளுவண்டியில் வெளியே கொண்டுபோக ஆளில்லை. எங்கள் பெடியன்கள்தான் செய்கிறார்கள். எங்களை வேண்டும் என்கிற இடத்தில் நாங்கள் இருக்கிறோம். அதில் என்ன குற்றம்?

மேட்டுப் பெடியன்களைச் சேர்க்கும் கதையை விடு. எனக்கு அவர்கள்மேல் ஒன்றும் இல்லை. ஆனால் ஊரில் ஒரு முறை இருக்கிறது. பொருளாளர் யோகநாதன் மாமாவைக் கேள், அவர் சொல்வது சரியாக இருக்கும். கம்பியைத் தொடாதே.

முக்கியமான விஷயம். உனக்கு ஒரு பெடியன் பார்த்திருக்கிறோம். இந்த நாட்டுப் பிரஜை, குடியில்லை, தாய் தகப்பன் பளையில். சேலை உடுத்தி நல்ல படம் ஒன்று அனுப்பு. சிரித்தபடி. நீ முறைத்தபடி எடுக்கும் படம் வேண்டாம்.

அப்பாவை நேரத்துக்கு மருந்து எடுக்கச் சொல்.

அண்ணா,
ஜனார்த்தனன்


ஏழாம் வாய்க்கால்
03.03.2025

அண்ணா,

சுகமா? இங்கே வெட்டு மெசின் வந்து போய்விட்டது. வயல் வெறுமையாகக் கிடக்கிறது, அப்பா வரம்பில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சொன்னபடி யோகநாதன் மாமாவிடம் போனேன். முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்.

"ஆரைச் சேர்க்கப் போறாய்? தோட்டக்காட்டாரையோ?" என்றார்.

"மாமா, அந்தச் சொல்லை இனி என்ர முன்னால சொல்லாதேங்கோ."

"சரி, மேட்டாரை. இண்டைக்கு அங்கத்துவம் குடுத்தால் நாளைக்கு வாய்க்கால் தண்ணி கேப்பாங்கள்."

"கேக்கட்டும்."

"நாளையிண்டைக்குப் பொம்பிளை கேப்பாங்கள்."

"எங்கட பக்கத்தில பொம்பிளை எங்க மாமா இருக்கு? உங்கட மூண்டு பிள்ளையளும் லண்டனில. மிச்சம் நான்தான். என்னைக் கேட்டால் நான் யோசிச்சுச் சொல்லுறன்."

மாமி குசினிக்குள் சிரித்தது வெளியே கேட்டது. மாமா அதோடு எழும்பிப் போய்விட்டார்.

நீங்கள் முறை என்று எழுதியதற்குப் பதில் சொல்கிறேன். என் முன்பள்ளியில் பதின்மூன்று பிள்ளைகள். வாய்க்கால் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு. அதில் ஒன்று தாயோடு கனடா விசாவுக்குக் காத்திருக்கிறது. மற்ற எல்லாம் மேட்டிலிருந்து நடந்து வருகிற பிள்ளைகள். பிள்ளைப்பேறு பார்க்க வருகிற மருத்துவமாது எங்கள் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி எவ்வளவு காலம் என்று யாருக்கும் நினைவில்லை. சீனி வருத்தமும் பிறஷரும் பார்க்கிற நடமாடும் கிளினிக்தான் நிற்கிறது. நீங்கள் ஒருவர் போனதாக ஊர்க் கணக்கில் இருக்கும். உங்களுக்கு இங்கே பிறந்திருக்க வேண்டிய பிள்ளைகளும் போய்விட்டார்கள். அவர்களை யார் கணக்கெடுப்பது? இந்த நாட்டிலும் இப்போது பிள்ளைகள் குறைவு, அண்ணா. குறைவாகப் பெறுகிற ஊரிலிருந்து பெறுகிற வயதில் உள்ளவர்களும் போனால் மிஞ்சுவது அப்பாவும் யோகநாதன் மாமாவும்தான்.

பாரிசில் கிழவர்களைக் குளிப்பாட்ட ஆளில்லை என்று கவலைப்பட்டிருந்தீர்கள். எங்கள் பந்துக்காப்பாளன் மதுசனின் பெரியப்பா படுக்கையில். அவருக்குப் பிள்ளைகள் நான்கு பேர், நான்கு நாட்டில். அவரைக் குளிப்பாட்டுவது மேட்டுக்குடியிருப்பு இரஞ்சிதம். அவவின் மகன் சதீஸுக்கு இருபத்தொரு வயது, உழவு இயந்திரம் ஓடுகிறான். எங்கள் மைதானத்தில் பந்து உயர்ந்து வாய்க்காலைத் தாண்டி விழுந்தால் அந்தப் பக்கத்திலிருந்து அடித்துத் தருகிறவன் அவன். வெறும் காலால். பத்து வருடமாக. ஒரு தடவைகூடப் பந்து தண்ணீரில் விழுந்ததை நான் பார்க்கவில்லை. எங்கள் எட்டுப் பேரில் யாரும் அப்படி அடிப்பதையும் பார்க்கவில்லை.

அனுமதி தாருங்கோ. லீக் ஆனியில் தொடங்குகிறது.

முழங்கால் எப்படி என்று கேட்டிருந்தேன். நீங்கள் எழுதவில்லை.

வினோஜா


ஏழாம் வாய்க்கால்
21.04.2025

அண்ணா,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு வருடப்பிறப்புக்குப் புது வேட்டி வாங்கினேன், இருமல் கொஞ்சம் குறைவு.

வருடப்பிறப்புக்கு அடுத்த நாள் கழகக் கட்டடத்தைத் திறந்தேன். கம்பியின் கடைசியில் ஒன்றாம் இலக்கம் தொங்கியது. தோய்த்துத் தொங்கவிட்டிருந்தது. கீழே நிலத்தில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மதுசனின் ஜேர்சி.

அவன் வீட்டுக்கு ஓடினேன். தாய் வாசலில் நின்று, "கொழும்பில வேலை கிடைச்சிட்டுது பிள்ளை" என்றா. என்னைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்தபடி சொன்னா. கொழும்புக்கு வேலைக்குப் போகிறவன் ஜேர்சியைத் தோய்த்துத் தொங்கவிட்டா போவான்? முதல்நாள் பின்னேரம் என்னோடு பொங்கல் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, இந்தமுறை ஒரு கோலும் விடமாட்டன்" என்று சொன்னவன்.

இப்போது ஏழு பேர். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் கழகம் முடிந்தது.

மதுசன் எங்கே போனான் என்று உங்களுக்குத் தெரியுமா?

வினோஜா


பாரிஸ்
22.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும். வேலை கூட, அதனால் எழுதப் பிந்திவிட்டது. இங்கே இப்போது மரமெல்லாம் பூத்திருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கும் வெயில். நீ வந்து பார்த்தால் நம்பமாட்டாய்.

மதுசன் இளம் பெடியன். அவனுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. எங்கே போனாலும் நன்றாக இருக்கட்டும் என்று நினைப்பதுதான் பெரிய மனம்.

கழக விஷயத்தில் நீ இவ்வளவு ஓடித் திரிவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெடியன்களின் அலுவல் அது. ஒரு வருடம் லீக்கில் இல்லாவிட்டால் என்ன, கழகம் இங்கே இருக்கிறதுதானே. ஆடி மாதம் எங்களுக்கு இங்கே பெரிய சுற்றுப்போட்டி. இந்தமுறை கிண்ணம் எங்களுக்குத்தான், பார்.

படம் அனுப்பச் சொல்லி மூன்று மாதமாகிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?

அண்ணா,
ஜனார்த்தனன்


ஏழாம் வாய்க்கால்
10.06.2025

அண்ணா,

நீங்கள் சுகம் என்று முகநூலில் பார்த்தேன். நல்ல வெயில், நல்ல புல். "எமது புதிய பந்துக்காப்பாளரை வரவேற்கிறோம்" என்று எழுதியிருந்தது. பச்சை ஜேர்சியில் நடுவில் மதுசன். அவன் தோளில் கை போட்டபடி, பத்தாம் இலக்கத்தோடு நீங்கள். மரம் பூத்தது, இரவிலும் வெயில் என்று எல்லாம் எழுதினீர்கள். இதை எழுத மறந்துவிட்டீர்கள்.

நான் அழவில்லை. மேட்டுக்குடியிருப்புக்கு சைக்கிளில் போய், "ஞாயிற்றுக்கிழமை காலமை கழகத்துக்கு வாங்கோ, எல்லாரும்" என்று வீடு வீடாகச் சொன்னேன். பதினொரு பேர் வந்தார்கள். வந்தவர்கள் படியில் செருப்பைக் கழற்றினார்கள், கோயிலுக்குள் வருகிற மாதிரி.

கதிரையில் ஏறிக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். மூன்று, ஐந்து, ஆறு. தூசி. பத்தை சதீஸிடம் நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அது வேணாங்கக்கா. அது ஜனா அண்ணனோடது."

"அண்ணை சனிக்கிழமை விளையாட வாறாரோ?"

"இல்ல."

"அப்ப போடு."

அப்போது யோகநாதன் மாமா பூட்டோடு வந்தார். யாரோ போன் செய்திருக்கிறார்கள்.

"என்ன பிள்ளை, கொடியில காய்ஞ்ச உடுப்பு எடுக்கிற மாதிரி எடுக்கிறாய்?"

"உடுப்புத்தானே மாமா."

"உடுப்பில்லை. ஒவ்வொண்டும் ஒரு ஆள்."

"அந்த ஆளைக் கூப்பிடுங்கோ. வந்து சனிக்கிழமை இறங்கட்டும். இப்பவே கழட்டித் தாறன்."

பின்னால் அப்பா வந்து நின்றதை நான் காணவில்லை. இருமிக்கொண்டே வந்தவர், மாமாவின் கையிலிருந்த பூட்டை வாங்கித் தன் மடியில் கட்டிக்கொண்டார். "யோகு, வெயில் ஏறுது. வா, தேத்தண்ணி குடிப்பம்" என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

நான்கையும் ஏழையும் தொடவில்லை. அவை கம்பியிலேயே இருக்கின்றன. செத்தவர்களின் இடம் அது. மற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், முகநூலில் பார்த்தேன்.

பதினெட்டுப் பேரின் பெயரை லீக்கில் பதிந்துவிட்டேன். விதியை நானே வெட்டினேன். உங்கள் அனுமதி வராததால் அனுமதி இல்லாமல்.

முழங்கால் எப்படி?

வினோஜா


பாரிஸ்
30.06.2025

வினோஜா,

நீ செய்த வேலை இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வட்ஸ்அப் குழுவில் வாக்கெடுத்தோம். ஒருவர்கூட உன் பக்கம் இல்லை. நாங்கள் இல்லாவிட்டால் அந்தக் கழகத்துக்கு ஒரு பந்துகூட இல்லை, வலைகூட இல்லை. அதை மறந்துவிட்டாய்.

யாருக்கு எதைக் கொடுத்தாலும் பொறுப்பேன். என் பத்தைக் கொடுத்ததைப் பொறுக்கமாட்டேன். நான் திரும்பி வருவேன் என்று சொல்லித்தான் அதைத் தொங்கவிட்டேன். அதைப் போட்டு இறங்க ஊரில் ஒருவனுக்கும் தகுதியில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அது கம்பிக்குப் போக வேண்டும். இது தலைவரின் கட்டளை.

அப்பாவையும் நீ உன் பக்கம் இழுத்துவிட்டாய்.

ஜனார்த்தனன்


ஏழாம் வாய்க்கால்
03.08.2025

அண்ணா,

சுகமாக இருங்கோ. நான் மிகவும் சுகம். இவ்வளவு சுகமாக நான் இருந்ததே இல்லை.

உங்கள் கட்டளை கிடைத்த நாளில் எங்களுக்குக் கால் இறுதி ஆட்டம். அதனால் பத்தைக் கம்பிக்கு அனுப்ப வசதிப்படவில்லை. அது அந்த நேரம் கோல் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கோல். செட்டிகுளத்திலிருந்து வந்த அணியின் ஆதரவாளர்கள், "இந்தப் பத்து எங்கயிருந்தடா வந்தது?" என்று கேட்டார்கள். "வாய்க்காலுக்கு அங்கால இருந்து" என்று யோகநாதன் மாமா சத்தம் போட்டுச் சொன்னார். ஓம், அவரேதான். முதல் ஆட்டத்துக்கு வரவில்லை. இரண்டாவதுக்கு வேலியோடு சைக்கிளைச் சாத்திவிட்டு, வேறு அலுவலாகப் போகிறவர் போல் நின்றார். மூன்றாவதுக்குக் கதிரை கொண்டு வந்தார். இப்போது மத்தியஸ்தரைத் திட்டுகிறார். கால் இறுதியில் ஒருமுறை, "சதீஸ், எங்கட பெடியா, விடாத!" என்று கத்தினார். கத்திவிட்டு, யாராவது கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்தார். நான் கேட்டேன்.

மதுசனின் இடத்தில் வினோதன் நிற்கிறான். மேட்டில் கடைசி வீட்டுப் பெடியன், மேசன் வேலை. கல் பிடித்துப் பழகின கை, பந்து ஒட்டுகிறது.

முந்தநாள் மதுசன் போன் எடுத்தான். முதலில் மன்னிப்புக் கேட்டான், பிறகு அழுதான், பிறகு வினோதனுக்குச் சொல்லும்படி இரண்டு விஷயம் சொன்னான். பாரிஸ் அணியில் உங்கள் இடத்தில் யார் விளையாடுகிறான் என்று கேட்டேன். நான்கு வருடமாக வேறு ஒருவன் என்றான். கோட்டுக்கு வெளியே பத்தாம் இலக்கத்தைப் போட்டபடி நின்று கத்துகிறவர் நீங்கள் என்றான்.

இந்தமுறை உங்கள் முழங்காலை விசாரிக்கவில்லை.

வினோஜா


ஏழாம் வாய்க்கால்
24.08.2025

அன்பு மகன் ஜனார்த்தனனுக்கு அப்பா பொன்னையா எழுதுவது.

உன் தேக சுகத்துக்கு வாய்க்காலடிப் பிள்ளையாரை வேண்டுகிறேன். எனக்கு இருமல் உண்டு, பெரிதாக இல்லை. தங்கச்சி என்னைத் தன் பக்கம் இழுத்ததாக எழுதியிருந்தாய். இந்த வயதில் என்னை யாரும் இழுக்க முடியாது. நானாகப் போனேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து நான் இங்கே வந்தபோது காடு. சதீஸின் தகப்பனும் நானும் ஒரே கோடரியை மாறி மாறிப் பிடித்து வெட்டினோம். காணி அளந்தபோது எனக்கு வாய்க்கால் கிடைத்தது, அவனுக்கு மேடு கிடைத்தது. அளந்தவர்கள் எங்கள் ஆட்கள். நான் வாய் திறக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. அவன் செத்த வீட்டுக்குப் போய் முற்றத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அதை உனக்குச் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

அரை இறுதியிலும் நாங்கள் வென்றுவிட்டோம். நான் விசிலடிக்கப் பார்த்தேன், பல் இல்லை.

குளிரில் காலை மூடிப் படு.

அப்பா


ஏழாம் வாய்க்கால்
15.09.2025

அண்ணா,

வென்றுவிட்டோம்.

சுகம், சுகம், எல்லோரும் சுகம். தொண்டை மட்டும் இல்லை. முன்பள்ளியில் இன்று நான் சைகையில்தான் படிப்பித்தேன். பிள்ளைகளுக்கும் தொண்டை இல்லாததால் பிரச்சினை வரவில்லை.

ஆனால் கிண்ணத்துக்கு முன் வேறு ஒன்றை எழுத வேண்டும். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சதீஸ் முன்பள்ளி வாசலுக்கு வந்தான். போனை என் கையில் தந்து, "வாசிங்கக்கா" என்றான். உங்கள் செய்தி. அவனுடைய ஆட்டத்தைக் காணொளியில் பார்த்தீர்களாம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சியோடு கதைத்துவிட்டீர்களாம். வந்தால் உங்கள் அறையில் தங்கலாமாம். கடைசி வரி: "இங்கே பத்து உனக்குத்தான், சதீஸ்."

ஊரில் அதைத் தொடத் தகுதியில்லாதவனுக்குப் பாரிசில் தகுதி வந்துவிட்டது.

"என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. ஆட்டம் முடியட்டும்."

நான் போகாதே என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை? அவனுக்கு இங்கே தண்ணீர் ஏறாத அரை ஏக்கரும் வேறொருவரின் உழவு இயந்திரமும்தான் இருக்கின்றன. அந்த இரண்டு நாளும் இதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

மைதானத்தைச் சுற்றி இடமில்லை. பளை அணி இரண்டு பஸ்ஸில் வந்தது. மேட்டுக்குடியிருப்பு முழுக்க லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டிகளில் வந்து இறங்கியது. எங்கள் பக்கத்துக் கிழவர்கள் கதிரைகளோடு முன்வரிசையில். என் பதின்மூன்று வாண்டுகள் கோட்டுக்கு ஓரமாக. அண்ணா, எங்கள் ஊரில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. ஊர் செத்துவிட்டது என்று நானும் நினைத்திருக்கிறேன். பாதி ஊரை ஊராகவே எண்ணாமல் இருந்திருக்கிறோம், அதுதான் விஷயம்.

முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல். வினோதன் நிலத்தைக் குத்தினான். இடைவேளையில் இரஞ்சிதம் வாளியோடு தேசிக்காய்த் தண்ணீர் கொண்டு வந்து, "என்னடா, செத்த வீடா? குடிச்சிட்டுப் போய் அடிங்க" என்று மட்டும் சொன்னா. இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் எங்கள் பக்கத்து சுஜிதன் தலையால் முட்டி ஒன்றைப் போட்டான். ஒன்றுக்கு ஒன்று. பிறகு அரை மணித்தியாலமாகப் பந்து நடுவிலேயே நின்று எங்களைக் கொன்றது.

கடைசியில், தூரத்தில், வேலியோடு ஒரு தனி உதை கிடைத்தது. கோல் கம்பம் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். யாரும் நேரே அடிக்கிற தூரமில்லை. பளையார் சுவர்கூடச் சரியாகக் கட்டவில்லை. சதீஸ் பந்தை வைத்தான். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினான். மத்தியஸ்தர் ஓடிவந்து, "சப்பாத்தில்லாமல் அடிக்கேலாது" என்றார். அவன் சிரித்துவிட்டு, உள்ளே இருந்த கல்லைத் தட்டிக் கொட்டி, திரும்ப மாட்டினான். ஊர் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு முடியும் முன் அடித்துவிட்டான்.

வாய்க்காலைத் தாண்ட அடிக்கிற அதே அடி. உயர்ந்தது, எல்லோர் தலைக்கும் மேலால் போனது, வெளியே போகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு எங்கள் பக்கக் கரையில் எப்போதும் விழுகிற மாதிரி விழுந்தது. வலைக்குள்.

பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அப்பா யோகநாதன் மாமாவின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தார். மாமா ஒரு வாண்டைத் தோளில் வைத்திருந்தார், யாருடைய பிள்ளை என்று கேட்காமல். நான் மைதானத்துக்குள் செருப்பில்லாமல் ஓடினேன். செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.

கிண்ணம் வாங்கிய கையோடு சதீஸ் போனை எடுத்தான். என் கண்முன் உங்களுக்குக் குரல் பதிவு போட்டான். "அண்ணே, மன்னிச்சுக்கங்க. பத்து இங்கயே கிடைச்சிருச்சு." அவ்வளவுதான் சொன்னான். நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்று நீலக் கோடு காட்டியது.

நாளைக்கு அவனும் போகலாம். அது அவன் முடிவு. ஆனால் இந்த ஊரில் போட ஒரு இலக்கம் இல்லாமல் போனான் என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்தது வாய்க்கால் தண்ணீர். மேட்டுக்கு ஏற்ற ஒரு மோட்டர் கேட்டு எழுதப் போகிறோம். யோகநாதன் மாமா சொன்னது சரிதான், கேட்கத்தான் போகிறார்கள். மாமாவும் கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஏழு மாதமாகக் கேட்ட படத்தை இத்துடன் அனுப்புகிறேன். சேலை இல்லை, சிரிப்பு உண்டு. நடுவில் கிண்ணத்தோடு இருப்பவள் நான். சுற்றி நிற்பவர்கள் என் வீட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுங்கோ. பிடித்தால் பெடியனை இங்கே வரச் சொல்லுங்கோ, எங்களுக்கு இடது பக்கத்தில் ஒரு ஆள் குறைவு.

உங்கள் முழங்கால் எனக்குத் தெரியும், அண்ணா. ஓட முடியாமல் அந்த ஜேர்சியைப் போட்டுக்கொண்டு நிற்பது எதற்கு என்றும் தெரியும். ஆனால் அந்த இலக்கத்துக்கு இங்கே ஓடுகிற கால் கிடைத்துவிட்டது. அவன் இன்னும் அதைப் போடும்போது ஒருமுறை கம்பியைப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறான். அது எனக்குப் பொறுக்கவில்லை. பாரிசில் பத்து உனக்குத்தான் என்று எழுத முடிந்த உங்களுக்கு, அதையே ஏழாம் வாய்க்காலில் உனக்குத்தான் என்று எழுத முடியும். உங்கள் கையால், ஒரு வரி. வாசலில் ஒட்டப் போகிறேன்.

கிண்ணத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கும்,
வினோஜா


ஏழாம் வாய்க்கால்
10.11.2025

அண்ணா,

சுகமா? மழை பிடித்துவிட்டது. மைதானத்தில் தண்ணீர் நிற்கிறது, பெடியன்கள் சேற்றிலேயே பயிற்சி எடுக்கிறார்கள். தோய்த்த ஜேர்சிகளைக் காயப்போட இடமில்லாமல் அந்தக் கம்பியில்தான் போடுகிறோம். ஒரு ஓரத்தில் நான்கும் ஏழும் அப்படியே இருக்கின்றன. மற்றவை பின்னேரம் ஏறுகின்றன, காலையில் இறங்குகின்றன.

தபால்காரர் இன்றும் எங்கள் படலையில் நிற்காமல் போனார்.

அந்த ஒரு வரியை எழுதுங்கோ.

வினோஜா